இரு புள்ளிகளுக்கு நடுவே

தண்ணீரின் தெவிட்டிய ஆவி அழுத்தம் எக்ஸெல்லில் பத்து டிகிரிக்கு ஒன்றாக இருக்கிறது என்று கொள்வோம். 0 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை வரிசையாக 0.611, 1.228, 2.339, 4.247, 7.385, 12.352 கிலோபாஸ்கல். 25 டிகிரிக்கு எவ்வளவு? நீராவி அட்டவணைகளில் உள்ள மதிப்பு 3.170. விடை தெரிந்த கணக்கு என்பதால் இடைச்செருகல் முறைகளை இதில் உரசிப் பார்க்கலாம்.

பலரும் முதலில் நாடுவது ஃபோர்காஸ்ட் சார்பு. இரு நிரல்களையும் முழுதாகக் கொடுத்தால் அது தரும் விடை 4.694. 30 டிகிரிக்கே 4.247தான் என்னும்போது, அதைவிடக் குளிர்ந்த நீருக்கு அதைவிட அதிக அழுத்தமாம்! சார்பின் மேல் குற்றமில்லை. மீச்சிறு வர்க்க முறையில் ஆறு புள்ளிகளுக்கும் பொதுவாக ஒரே நேர்கோட்டைப் பொருத்துவதே அதன் வேலை. அந்தக் கோடு எந்தப் புள்ளி வழியாகவும் போகவேண்டியதில்லை. ஆனால் இடைச்செருகல் என்ற பெயரில் இதைப் பயன்படுத்துவதை ஏற்கவே முடியாது. கட்டத்தில் பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் ஆபத்து இன்னும் அதிகம்.

அதே சார்புக்கு 20, 30 ஆகிய அண்டைப் புள்ளிகளை மட்டும் கொடுத்தால் 3.293 வருகிறது. பிழை ஏறத்தாழ 4 விழுக்காடு. வளைவு மேல்நோக்கி வளைவதால் நாண் எப்போதும் அதற்கு மேலேயே கிடக்கும். ஆகவே இந்தப் பிழை எப்போதும் மிகையாகவே இருக்கும். பிழையின் திசை தெரிந்திருப்பது பெரிய நன்மை. அண்டைப் புள்ளிகளை மேட்ச், இன்டெக்ஸ் சார்புகளே தேடித் தரும். வெப்பநிலை ஏறுவரிசையில் இருந்தால் போதும்.

ஆறு புள்ளிகள் வழியாகவும் செல்லும் ஐந்தாம்படிப் பல்லுறுப்புக் கோவை 3.170 என்றே சொல்கிறது. இங்கே அதற்குத்தான் முதலிடம், ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் அதை வழக்கமாக்கப் பரிந்துரைக்க மாட்டேன். 40 டிகிரிக்கான 7.385-ஐத் தவறுதலாக 7.835 என்று தட்டிவிட்டால், 25 டிகிரி விடையும் 3.126 ஆகச் சரிகிறது. அண்டைப் புள்ளி முறையை அந்தத் தவறு தொடுவதே இல்லை. சம இடைவெளிப் புள்ளிகளில் படி கூடக்கூட ஓரங்களில் கோவை கட்டுமீறி அலைபாயக்கூடும் என்பதை கணிதவியலாளர் ரூங்கே 1901-இலேயே காட்டிவிட்டார். வரைபடத்தில் தோன்றும் போக்குக்கோட்டுச் சமன்பாட்டை அப்படியே நகலெடுப்பதும் கூடாது: கெழுக்கள் சுருக்கப்பட்ட இலக்கங்களோடுதான் அங்கே தெரிகின்றன.

என் தேர்வு வேறு. அழுத்தத்துக்கு இயல்மடக்கை எடுத்து, வெப்பநிலையைக் கெல்வினாக்கித் தலைகீழாக்கி, அதே இரு அண்டைப் புள்ளிகளிடையே நேர்கோடு போட்டால் 3.168. பிழை 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆவி அழுத்தத்தின் மடக்கை, தனி வெப்பநிலையின் தலைகீழியோடு ஏறக்குறைய நேர்கோட்டில் மாறுகிறது என்ற இயற்பியலே இதற்குக் காரணம். அப்படியொரு விதி கைவசம் இல்லாத தரவுக்கு அண்டைப் புள்ளி நேர்கோடே போதும். விடையோடு அந்த இரு புள்ளிகளையும் பக்கத்துக் கட்டங்களில் காட்டிவிட வேண்டும்.