கலந்த கல்லின் சாட்சியம்

அருங்காட்சியகப் பட்டியலை ஒரு நூலாகக் கொண்டு மதிப்பிடும் வழக்கம் நம்மிடையே இல்லை. பட்டியல் என்றால் எண்ணும் பெயரும் எடையும் கொண்ட வறண்ட கணக்கு என்பதே பொதுவான எண்ணம். ஆயினும், ஒரு பொருளுக்குப் பெயரிட்டு, இதனை இன்னவற்றோடு சேர்க்க வேண்டும், இன்னவற்றினின்று பிரிக்க வேண்டும் என்று கூறுவது ஒரு தீர்ப்பேயாகும். தீர்ப்பு உள்ள இடத்தில் திறனாய்வுக்கும் இடம் உண்டு. விண்ணினின்று வீழ்ந்த கற்களுள் 'ஹோவர்டைட்' எனப்படும் வகையை அருங்காட்சியகங்கள் எவ்வாறு வகுத்து வைத்துள்ளன என்பதை அந்நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் கருத்து.

இவ்வகுப்பின் மூலநூல், ஜெர்மானியக் கனிமவியலார் குஸ்தாவ் ரோஸ் 1863-ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வாகும். பெர்லின் பல்கலைக்கழகக் கனிம அருங்காட்சியகத்தில் இருந்த விண்கற்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவற்றின் கனிமங்களையும் அமைப்பையும் கொண்டு அவர் வகை பிரித்தார். சிறு உருண்டை மணிகள் நிறைந்த கற்களுக்குக் 'காண்ட்ரைட்' என்று பெயர் தந்தார். மணிகளற்ற கற்களுள் ஒரு வகையை 'யூக்ரைட்' என்றார். எளிதில் இனங்காணத் தக்கது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். பிறிதொரு வகைக்கு 'ஹோவர்டைட்' என்று ஒரு மனிதரின் பெயரை இட்டார்.

ரோஸின் நூலில் போற்றத்தக்க பண்பு அதன் அடக்கமே. இக்கற்கள் எங்கிருந்து வந்தன என்பது அக்காலத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாமல், கல்லில் கண்டதை மட்டும் அவர் எழுதினார். அதனாலேயே, பிற்கால அறிவு அவர் நூலைத் திருத்தியதேயன்றித் தள்ளிவிடவில்லை.

பெயருக்குரியவர்

எட்வர்ட் சார்லஸ் ஹோவர்ட் (1774-1816) இங்கிலாந்தின் வேதியியலார். நார்ஃபோக் கோமகன் வழிவந்த புகழ்பெற்ற கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர முடியாத காலம் அது. அத்தடை நீங்கியது 1829-இல்தான். கோவாப் பிளவைத் தீர்க்கும் பணியில் இந்தியாவுக்கு அனுப்பப்பெற்று, பின்னாளில் கர்தினாலான எட்வர்ட் ஹென்றி ஹோவர்ட் இவருடைய பேரனே.

ஹோவர்டின் காலத்தில், வானத்திலிருந்து கல் விழுந்தது என்று சொல்வோரைக் கற்றோர் எள்ளி நகையாடினர். 1768-இல் பிரான்சின் லூசே என்ற ஊரில் விழுந்த கல்லை, வயலில் இருந்தோர் கண்டதாகக் கூறிய செய்தியோடு, பஷ்லே என்ற குருவானவர் பாரிசின் அறிவியல் கழகத்துக்கு அனுப்பினார். லவாய்சியரும் இடம்பெற்றிருந்த குழு அக்கல்லைச் சோதித்தது. அது வானினின்று விழுந்ததன்று, மின்னல் தாக்கிய சாதாரணக் கல்லே என்று முடிவு கூறியது. எளிய மக்களின் கண்கள் ஏமாந்திருக்கும் என்பது அறிஞரின் துணிபு. ஏமாந்தவர் யார் என்பதைக் காலம் காட்டிற்று.

1798-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள் காசியை அடுத்த சிற்றூர் ஒன்றில் கற்கள் விழுந்தன. அவற்றோடு இத்தாலியின் சியன்னா, இங்கிலாந்தின் வோல்டு காட்டேஜ், பொஹீமியாவின் தாபோர் ஆகிய இடங்களில் விழுந்தவற்றையும் ஹோவர்ட் ஆராய்ந்தார். போர்னோன் என்ற பிரெஞ்சுக் கனிமவியலார் கல்லின் கூறுகளைத் தனித்தனியே பிரித்துத் தர, அவற்றை ஹோவர்ட் வேதியியல் முறையில் பகுத்தார். வெவ்வேறு நாடுகளில் விழுந்த கற்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. அவற்றின் இரும்புத் துகள்களில் நிக்கல் இருந்தது. 1802-இல் இம்முடிவுகள் வெளிவந்தபின் உழவரின் சாட்சியத்தை எள்ளுவது எளிதாக இல்லை.

ஈண்டு ஒரு முரண் உண்டு. ஹோவர்ட் ஆராய்ந்த அந்நான்கு கற்களும் இன்றைய வகைப்பாட்டில் காண்ட்ரைட்டுகளே; அவற்றுள் ஒன்றேனும் ஹோவர்டைட் அன்று. ஆகவே இப்பெயர் கல்லின் இயல்பைக் கூறுவதன்று, நன்றி கூறுவது. நன்றிக்காக இடப்பட்ட பெயரில் பிழையில்லை. ஆனால் பெயரைப் படித்த அளவில் கல்லை அறிந்துவிட்டதாக எண்ணலாகாது.

பத்து விழுக்காட்டுக் கோடு

ஹோவர்டைட் என்பதுதான் என்ன? இன்று வழங்கும் விளக்கத்தின்படி அது ஒரு கலவைப் பாறை. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான யூக்ரைட்டின் துண்டுகளும், ஆழத்தில் மெல்லக் குளிர்ந்து உருவான டயோஜினைட்டின் துண்டுகளும் மோதல்களால் நொறுங்கி, ஒன்றோடொன்று கலந்து, மீண்டும் இறுகிக் கல்லானது அது. இரு கூறுகளும் குறைந்தது பத்து விழுக்காடேனும் இருந்தால் ஹோவர்டைட். டயோஜினைட் பத்துக்குக் குறைந்தால் 'பலகூற்று யூக்ரைட்'. யூக்ரைட் பத்துக்குக் குறைந்தால் 'பலகூற்று டயோஜினைட்'.

இக்கோடு இயற்கை கிழித்ததன்று. 1980-களில் ஆய்வாளர் தம் வசதிக்காக வகுத்துக்கொண்டது. இயற்கையில் கலப்பு ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை படிப்படியாகச் செல்கிறது. ஒன்பது விழுக்காட்டுக்கும் பதினொரு விழுக்காட்டுக்கும் இடையே கல்லின் வரலாற்றில் எவ்வித மாற்றமும் நிகழ்வதில்லை. நம் அகப்பாடல்களைத் தொகுத்தோர் நான்கு முதல் எட்டடி வரை குறுந்தொகை என்றும், ஒன்பது முதல் பன்னிரண்டடி வரை நற்றிணை என்றும், அதற்கு மேற்பட்டவற்றை நெடுந்தொகை என்றும் அடியெண்ணிப் பிரித்தனர். கபிலர் மூன்றிலும் உள்ளார். தொகுப்புக்கு அந்த அளவு தேவைப்பட்டது. ஆயின் எட்டாம் அடிக்கும் ஒன்பதாம் அடிக்கும் இடையே கவிதை மாறிவிட்டது என்று ஒருவரும் சொல்லார். ஒன்பதடிப் பாடல்கள் குறுந்தொகைக்குள்ளும் இருக்கின்றன.

கல்லைப் பொறுத்தவரை இடர் இன்னும் மிகுதி. அருங்காட்சியகத்தில் இருப்பது பெரும்பாலும் முழுக்கல் அன்று; ஒரு துண்டு. ஆய்வாளர் நுண்ணோக்கியில் காண்பது அத்துண்டிலிருந்து எடுத்த, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்த சீவல். கலவைக் கல்லிலோ கூறுகள் எங்கும் ஒரே அளவில் பரவியிருப்பதில்லை. ஒரு சீவலில் டயோஜினைட்டின் பெரிய துண்டு அகப்படலாம். அடுத்த சீவலில் அதன் சுவடே இல்லாதிருக்கலாம். எனவே ஒரே கல்லின் இரு துண்டுகள் இரு நகரங்களில் இரு பெயர்களைத் தாங்கி நிற்கக் கூடும். அது கண்ணாடிப் பேழையில் ஒட்டிய சீட்டின் குறையேயன்றிக் கல்லின் குறையன்று.

கலப்பே சான்று

நம் முதன்மையான குறைபாடு இனிதான் வருகிறது. இவ்விளக்கத்தின்படி யூக்ரைட்டும் டயோஜினைட்டும் தூய வகைகள். ஹோவர்டைட் அவற்றின் கலவை. தூயவற்றை முதலில் கூறிக் கலந்ததைப் பின்னர் விளக்கும் இம்முறை, கலந்த கல்லை இரண்டாந்தரமாகக் காட்டிவிடுகிறது. வரலாறோ வேறு. ஹோவர்டைட் பெயர் பெற்றது 1863-இல். டயோஜினைட் என்ற பெயரை வியன்னாவின் செர்மாக் உருவாக்கியது 1880-களில். கூறுகளுள் ஒன்று பெயர் பெறுமுன்பே கலவை பெயர் பெற்றிருந்தது!

இதனினும் பெரிது ஒன்றுண்டு. யூக்ரைட் கருஞ்சாம்பல் நிற எரிமலைப் பாறை. டயோஜினைட் பெரும்பாலும் பைராக்சீன் என்ற ஒரே கனிமத்தால் ஆனது. இரண்டையும் தனித்தனிப் பேழைகளில் வைத்தால், அவை ஒரே தாயகத்தின் பிள்ளைகள் என்று காண்பவருக்குத் தோன்றாது. அவ்வுறவைக் கண்ணுக்குக் காட்டுவது ஹோவர்டைட். இரண்டின் துண்டுகளும் ஒரே கல்லுள் கிடக்கின்றன என்றால், அவை ஒரே நிலத்தில் அருகருகே கிடந்து கலந்திருக்க வேண்டுமன்றோ? மூன்றிலும் ஆக்சிஜன் அணுக்களின் விகிதம் ஒத்திருப்பதும் பின்னர் இதனை உறுதிசெய்தது.

அத்தாயகம் எது? செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் வெஸ்டா என்ற சிறுகோளை 1807-இல் ஓல்பர்ஸ் கண்டார். 1970-இல் மெக்கார்டும் உடன் ஆய்வாளரும் வெஸ்டாவினின்று வரும் ஒளியின் நிறமாலை இவ்வகைக் கற்களுடையதை ஒத்திருப்பதைக் காட்டினர். 2011 ஜூலை முதல் 2012 செப்டம்பர் வரை 'டான்' என்ற அமெரிக்க விண்கலம் வெஸ்டாவைச் சுற்றி வந்தது. ஏறத்தாழ 525 கிலோமீட்டர் விட்டமுள்ள அக்கோளின் தென்முனையில் 500 கிலோமீட்டர் அகன்ற பெரும்பள்ளம் ஒன்று கிடக்கிறது. அதன் ஆழத்தில் டயோஜினைட்டை ஒத்த பாறை தென்பட்டது. எஞ்சிய நிலப்பரப்பின் பெரும்பகுதி எதை ஒத்திருந்தது? ஹோவர்டைட்டை! பட்டியலில் இடைநிலையாக வைக்கப்பட்ட கல், தன் தாயகத்தில் எங்கும் பரந்த மண்ணாக இருக்கிறது.

1942-இல் அன்றைய சூடானின் கபோயேட்டாவில் விழுந்த ஹோவர்டைட்டினுள் சூரியக் காற்றின் வாயுக்கள் சிக்கியிருந்தன. அம்மண் ஒருகாலத்தில் சூரியனை நோக்கித் திறந்து கிடந்ததற்கு அதுவே சான்று. 1905-இல் ஒரிசாவின் போல்காட்டியிலும், 1994-இல் இராஜஸ்தானத்தின் லோகாவட்டிலும் விழுந்தவையும் இவ்வகையினவே.

பட்டியலின் நியாயம்

பட்டியலின் பக்கம் உள்ள நியாயத்தையும் கூறவேண்டும். வெஸ்டாவினின்று வந்தவை என்றே பெயரை மாற்றிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அது நல்ல வழியன்று. 1957-இல் பிரேசிலின் இபிட்டிராவில் விழுந்த கல் தோற்றத்தாலும் கனிமத்தாலும் யூக்ரைட். அதன் ஆக்சிஜன் விகிதமோ வேறுபடுகிறது. அது வேறொரு கோளின் பிள்ளை என்றே கருதப்படுகிறது. பிறப்பிடத்தைப் பெயரில் பூட்டியிருந்தால் அப்பெயர் பொய்யாகியிருக்கும். கண்டதை ஓரிடத்திலும் கருதுவதை வேறிடத்திலும் எழுதும் ரோஸின் முறையே இங்கும் நம்மைக் காக்கிறது.

வத்திக்கான் வானாய்வுக்கூடத்தின் விண்கல் தொகுப்பு, மர்க்கி தெ மொருவா என்ற பிரெஞ்சுப் பிரபு 1907-இல், திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் காலத்தில், வழங்கிய கற்களோடு தொடங்கியது. 1993 முதல் அதனைப் பேணிய இயேசு சபைச் சகோதரர் கை கன்சல்மாக்னோ, சபையில் சேருமுன்பே, 1977-இல் மைக்கேல் டிரேக்குடன் இணைந்து, யூக்ரைட்டுகளின் தாயகம் இன்னும் சிதையாமல் இருக்க வேண்டும், அது வெஸ்டாவாகலாம் என்று வாதிட்டவர். பின்னர் கல்லை வெட்டாமல், நீரில் நனைக்காமல், நுண்ணிய கண்ணாடி மணிகளுள் புதைத்து அதன் பருமனை அளக்கும் முறையை அவரும் டேனியல் பிரிட்டும் வகுத்தனர். அறிவதற்காக அழிக்க வேண்டியதில்லை என்ற அந்த எண்ணம் பட்டியல் செய்வோர்க்கும் உரியது.

ஆகவே பெயரை மாற்ற வேண்டா. சீட்டை விரித்தெழுதினால் போதும். எந்தத் துண்டைக் கண்டு, எந்த ஆண்டில், யார், எத்தனை விழுக்காடு என்று முடிவு செய்தார் என்பதையும் அச்சீட்டு சொல்லட்டும். அப்பொழுது அது மறுபார்வைக்குத் திறந்து நிற்கும் தீர்ப்பாகும்.

'கலப்பு' என்ற சொல்லை நாம் எவ்வளவு ஐயத்தோடு வழங்குகிறோம்! பாலில் கலப்பு என்றாலும் குலத்தில் கலப்பு என்றாலும் ஒரே முகச்சுளிப்பு. ஒரே திருப்பந்தியில் அமர்வோர் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிப் பிரிந்து கிடந்த வரலாறும் நமக்கு உண்டு. தூய்மையைக் காப்பதாக எண்ணி அச்சுவரை எழுப்பினோர், தாம் ஒரே தந்தையின் மக்கள் என்பதற்குரிய கண்கண்ட சான்றையே மறைத்தனர். கோதுமையையும் களையையும் அறுவடை வரை சேர்ந்து வளரவிடுமாறு ஆண்டவர் உவமையில் பணித்தது, பிரிக்கும் கைகளின் அவசரத்தை அவர் அறிந்திருந்ததால்தான். முதல் மனிதனிடம் உயிர்களுக்குப் பெயரிடும் பணி தரப்பட்டது. அவற்றைப் படைத்தவன் அவனல்லன். பெயரிடும் நமக்கும் அந்நினைவு இருந்தால் நன்று. தூய கற்கள் தத்தம் கதையை மட்டுமே கூறின. அவை ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதைச் சொல்ல, நொறுங்கிக் கலந்த ஒரு கல்தான் வரவேண்டியிருந்தது.