வாயிற் பூவுடையான்

இத்தாலிய நாட்டு நாடகாசிரியராகிய லூயிகி பிரண்டெல்லோ அரங்கிற்கென எழுதிய ஓரங்க நாடகம் 'வாயிற் பூவுடையான்' என்பது. அதனை 1930-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 14-ஆம் நாள், இலண்டனில் பெயர்டு என்பாரின் தொலைக்காட்சி நிலையத்தாரும் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகத்தாரும் கூடித் தொலைக்காட்சியிற் காட்டினர். பிரித்தானியத் தொலைக்காட்சியில் வந்த முதல் நாடகம் அதுவே. இரண்டாண்டு முன்னரே, 1928-இல், அமெரிக்காவில் ஒரு மேடை நாடகம் இவ்வாறு காட்டப்பெற்றதுண்டு. ஆயினும் பொருளாழம் பற்றி ஈண்டு ஆராயத்தக்கது பிரண்டெல்லோவின் நாடகமேயாம்.

கதை மிகச் சிறிது. மனைவிமக்கள் வாங்கிவரச் சொன்ன பொதிகளால் புகைவண்டியைத் தவறவிட்ட ஒருவன் நள்ளிரவில் ஒரு காப்பிக்கடையில் விடியலை எதிர்நோக்கி இருக்கின்றான். பிறனொருவன் அவனோடு உரையாடத் தொடங்குகின்றான். இவன் மீசையின்கீழ் ஊதாநிறத்ததாய் ஒரு புற்று. மரணம் அவ்வழிச் சென்றபோது செருகிப்போன பூ என்று இவன் அதனைக் கூறுவன். தெருமூலையில் இவன் மனைவி கரியவுடை உடுத்து மறைந்து நோக்கி நிற்கின்றாள்.

இந்நாடகத்தைத் தேர்ந்தமைக்குப் பலருங் கூறுங் காரணம், பாத்திரங்கள் சிலர், அசைவோ குறைவு என்பதாம். அது மெய்யே. அக்காலப் படம் முப்பதே கோடுகளால் ஆயது. நொடிக்குப் பன்னிரண்டரை முறை தோன்றுவது. அகலங் குறைந்து உயரம் மிக்கது. ஒருகால் ஒரு முகமே அதனுள் அடங்கும். நடிகர் மாறுங்கால் கட்டமிட்ட பலகையொன்றைக் கருவியின் முன் செலுத்தி மறைத்தனர். நெவின்சன் என்னும் ஓவியர் திரை வரைந்தார். லான்சு சீவ்கிங் இயக்கினார். இத்துணை இடர்ப்பாட்டினும் ஒரு நாடகத்தை முடியக் காட்டினாரென்றால் அவர்தம் ஊக்கம் பாராட்டற்குரியதே. ஆயினும் கருவிக்கு எளிதாதல் வேறு, நாடகத்திற்கு இயைதல் வேறு.

மெய்ப்பாட்டியல் உரைக்கண் பேராசிரியர், சுவைக்கப்படும் பொருள், அதனை நுகர்ந்த பொறியுணர்வு, உள்ளத்து நிகழுங் குறிப்பு, உடம்பின்கண் தோன்றுஞ் சத்துவம் என நான்காகப் பகுப்பர். இந்நாடகத்தில் அச்சத்திற்குப் பொருளாயது அப்புற்று. முப்பது கோட்டுப் படத்தில் மீசைக்கீழ் உள்ளதொன்று புலனாதல் யாங்ஙனம்? சொல்லே அதனைக் காட்டல் வேண்டும். அக்குறை பெரிதன்று, சொல்வன்மை மிக்க நாடகம் இது.

பெருங்குறை பிறிதொன்று. குறிப்புஞ் சத்துவமும் தோன்றுமிடம் கேட்போன் முகமே. பொதிகளைப் பற்றிச் சலித்துக்கொண்டிருந்த எளிய மனிதன், தன் எதிரே இருப்பவன் சாகின்றவன் என்று சிறிது சிறிதாக உணர்கின்றான். மேடையில் ஒருவன் சொல்லும்போதே மற்றவன் மாறுதலையுங் காண்கின்றோம். மூலையில் மனைவியின் நிழலையும் உடன் காண்கின்றோம். மூன்றும் ஒருங்கு தோன்றுதலே நாடகத்தின் உயிர். ஒவ்வொரு முகமாக வரும் படத்தில் உரையாடல் தனிமொழியாகிவிடுகின்றது. மனைவியோ தன் முறைக்கு வந்து போகும் ஒரு படமாகின்றாள். அவ்வேடந் தாங்கிய கிளாடிசு யங் அம்மையார் வானொலியிற் குரலாற் புகழ் பெற்றவர். பேச்சற்ற பாத்திரத்தை அவருக்கு அளித்தது வியப்பே!

முதற்காட்சி பதிவு செய்யப்பட்டிலது. 1967-இல் சீவ்கிங் உடனிருக்க, நெவின்சனின் ஓவியங்களையே வைத்து, அம்முப்பது கோட்டு முறையில் மீண்டும் நடித்துப் பதிந்தனர்.

இவ்வளவு கூறினும், ஓரிடத்தில் அச்சிறுபடம் பெருமேடையினுஞ் சிறத்தல் கூடும். அஃது இறுதிப் பகுதி. விடியலில் ஊர்க்கு நடந்து செல்லும்போது வழியோரத்துப் புற்றூறு ஒன்றன் இதழ்களை எண்ணுமாறு நோயாளன் வேண்டுகின்றான். எத்தனை இதழோ அத்தனை நாள் தன் வாழ்நாள் என்கின்றான். இவ்விடத்துக் கேட்போன் முகம் வேண்டா, தெரு வேண்டா, மேசையும் வேண்டா. இருளில் ஒரு முகமும், பெரிய தூறாகப் பார்த்து எண்ணுமாறு இரக்கும் ஒரு குரலுமே போதும்.