பள்ளிக்கூடத்து பாண்டு

பள்ளிப் பிள்ளைகளின் கதைதானே என்று அலட்சியமாகத்தான் கையில் எடுத்தேன். ஜப்பானிய எழுத்தாளர் அயானோ தகேதா 2013இல் வெளியிட்ட நாவல், ‘ஹிபிகே! யூஃபோனியம்’. கியோத்தோவை அடுத்த உஜியில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் பாண்டு வாத்தியக் கோஷ்டி போட்டிக்குத் தயாராகிறது. தனியாக டிரம்பெட் ஊதப்போவது யார்? மூன்றாம் வருஷத்துக் காவோரிக்கு இதுவே கடைசிச் சந்தர்ப்பம், எல்லோருக்கும் வேண்டியவள். முதல் வருஷத்து ரெய்னாவோ அவளைவிட நன்றாக ஊதுகிறாள். நானாக இருந்தால் இருவரில் ஒருத்தியைப் பொல்லாதவளாக்கிச் சுலபமாகத் தப்பித்திருப்பேன். தகேதா அப்படிச் செய்யவில்லை. வித்தைக்கே முதலிடம் என்பது நியாயந்தான். அந்த நியாயத்துக்காக நல்லவள் ஒருத்தி விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் மறைக்காமல் காட்டுகிறார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் குமிகோ வாசிப்பது யூஃபோனியம் என்ற பித்தளை வாத்தியம். கூட்டத்தில் அதன் குரல் தனியாகக் காதில் விழாது; நிறுத்தினால்தான் குறை தெரியும். ஆசிரியரின் குரலும் அப்படித்தான்.