கத்திவாக்கம் எங்கே?

ஊர் வரலாறு என்று நம் கையில் தரப்படுவன இரண்டே வகை. ஒன்று ஆண்டவன் கதை. மற்றொன்று ஆண்டவர்கள் கதை. எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்துள்ள கத்திவாக்கம் என்னும் சிற்றூரைத் தேடி இரண்டையும் புரட்டினோம்.

அண்டையிலுள்ள திருவொற்றியூர்க் கோயிற் சுவரெங்கும் கல்வெட்டுகள். நிலம் தந்தவன் யார், விளக்கு வைத்தவன் யார் என்று கணக்காகவே பேசுகின்றன. பாணினியின் வடமொழி இலக்கணம் ஓத அங்கே மண்டபம் இருந்தது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் அதற்கு நிலமும் விடப்பட்டது. பாணினிக்குச் சிவனாரே நேரில் வந்து பாடம் சொன்னாராம்! கேட்கிறோம், தோழர்களே: வலை இழுத்தவன் மகனுக்குத் தமிழின் அகரம் கற்பிக்க ஒரு குழி நிலம் விட்ட மன்னன் யார்?

ஹென்றி டேவிசன் லவ் 1913-இல் வெளியிட்ட பழைய சென்னை பற்றிய பெருநூலில் புராணப் புளுகு இல்லை. கோட்டை ஆவணங்களைத் தூசி தட்டித் தொகுத்த அவர் உழைப்பை இகழ்வது நன்றிகெட்ட செயல். கத்திவாக்கமும் அதில் வருகிறது. எப்படி வருகிறது? 1708-இல், தாமஸ் பிட் கவர்னராக இருந்தபோது, நவாப் தாவூத்கான் கும்பெனிக்கு அளித்த ஐந்து ஊர்களுள் ஒன்றாக! திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, சாத்தங்காடு ஆகியவை மற்ற நான்கு. கொடுத்தவன் பெயர் உண்டு. வாங்கியவன் பெயர் உண்டு. ஊரோடு சேர்த்துக் கைமாறிய மக்கள்? வணிகன் எழுதிய ஏட்டை மட்டுமே சான்றாகக் கொண்டவருக்கு அவர்கள் வரவுக் கணக்காகவே தெரிந்தனர்.

வெள்ளையரை மட்டும் குறைகூறித் தப்பிவிட நமக்கு உரிமை இல்லை. நம்மவர் எழுதும் ஊர் வரலாறோ திறப்புவிழாக் கல்வெட்டின் படி! 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதைப் பெருமையோடு பொறிக்கிறோம். 2017-இல் அது மூடப்பட்டதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்வோம். மின்சாரம் வேண்டாம் என்பார் பகுத்தறிவாளர் அல்லர். அந்த விளக்கின் கீழிருக்கும் இருளை எழுத மறுப்பவரும் அல்லர். கழிமுகத்தில் படிந்த சாம்பலும், இறாலை இழந்த மீனவர் குடியும், 2023 திசம்பர் வெள்ளத்தோடு வந்து அலையாத்தி வேர்களில் அப்பிய எண்ணெயும் எந்த அதிகாரத்தில் இடம்பெறும்?

ஏட்டில் விடுபடுவது சிறு பிழை என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் இருந்தது. அரசுத் தரப்பு பின்னர் காட்டிய வரைபடத்தில் அது காணாமற் போயிருந்தது. 2017-இல் அது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த நீரில் அன்றும் படகுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.