யோஷிஹிரோ சாட்டோ ஆய்வு முறைகேடு: இதழ்களின் பொறுப்பு குறித்து ஒரு விமர்சனம்

பக்கவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவர் விழுந்தால் பெரும்பாலும் தளர்ந்த பக்கமே அடிபடும். அசைவு குறைந்ததால் அந்தப் பக்கத்து எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர் பலரால் மீண்டும் முன்புபோல் நடக்க முடிவதில்லை. ஆகவே, 2005 மார்ச்சில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ‘ஜாமா’ இதழில் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வு பலரின் கவனத்தை ஈர்த்தது. பக்கவாதம் கண்ட 628 பேரில் பாதிப்பேருக்கு ஃபோலிக் அமிலமும் பி12 வகை வைட்டமினும், மீதிப்பேருக்கு மருந்துப்போலியும் இரண்டாண்டுகள் தரப்பட்டதாக அது கூறியது. மருந்து பெற்றோரில் 6 பேருக்கும் மற்றவர்களில் 27 பேருக்கும் இடுப்பு எலும்பு முறிந்ததாம். மலிவான இரண்டு வைட்டமின்களுக்கு இவ்வளவு பலன்!

அதன் முதல் ஆசிரியர் யோஷிஹிரோ சாட்டோ என்ற நரம்பியல் மருத்துவர். ஹிரோசாகி பல்கலைக்கழகத்திலும் பின்னர் கியூஷூ தீவில் ஒரு மருத்துவமனையிலும் பணியாற்றியவர். பக்கவாதம், பார்க்கின்சன், அல்சைமர் நோயாளிகளின் எலும்பு முறிவைத் தடுப்பது பற்றி அவர் கட்டுரை மேல் கட்டுரையாக வெளியிட்டார். எதிலும் மருந்து வெற்றி பெற்றது. இன்று அவற்றில் 100-க்கும் மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டுவிட்டன.

முறைகேடு வெளிப்பட்ட விதத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். யாரும் மருத்துவமனைக்குள் புகுந்து துப்பறியவில்லை. ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்து அலிசன் அவனெல், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்து மார்க் போலண்ட், ஆண்ட்ரூ கிரே, கிரெக் கேம்பிள் ஆகிய நால்வரும் அச்சில் வந்த எண்களை மட்டுமே வைத்துக் கணக்குப் போட்டனர். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு குழுக்களாகப் பிரித்தால், தொடக்கத்தில் வயது, எடை, இரத்த அளவுகள் ஆகியவற்றின் சராசரிகள் தற்செயலாகச் சில இடங்களில் நெருங்கியும் சில இடங்களில் விலகியும் இருக்கும். நாணயத்தை நூறு முறை சுண்டுபவர் ஒவ்வொரு நாளும் சரியாக 50 தலை, 50 பூ என்று எழுதிவந்தால் அவர் நாணயத்தைச் சுண்டவே இல்லை என்றுதான் நினைப்போம். சாட்டோவின் 33 சோதனைகளில் இரு குழுக்களும் அப்படித்தான், இயற்கைக்கு மாறாக ஒத்திருந்தன. குறுகிய காலத்தில் ஏராளமான நோயாளிகள் சேர்ந்தனர், சோதனையை விட்டு விலகியோர் மிகச் சிலர், இறந்தோர் அதைவிடக் குறைவு. வயோதிகமும் பக்கவாதமும் சேர்ந்த நோயாளிகளிடம் இப்படி ஓர் ஒழுங்கைப் பார்த்த மருத்துவர் யாராவது உண்டா?

இங்கேதான் என் விமர்சனம் தொடங்குகிறது. பொய் சொன்னவர் ஒருவர் என்று முடித்துக்கொள்வது எளிது. ஆனால் 2007-லேயே ‘ஆர்க்கைவ்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் சாட்டோவின் தரவுகளைச் சந்தேகித்து வெளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆய்வு வேறு மருத்துவமனைகளிலும் நடந்தது, அவை பெயரை வெளியிட விரும்பவில்லை என்று அவர் பதில் எழுதினார். நோயாளிகள் எங்கே சேர்க்கப்பட்டார்கள் என்பதையே மறைத்த அந்தப் பதிலையும் இதழ் அச்சிட்டது. அத்தோடு சரி. நால்வர் குழு தன் பகுப்பாய்வை 2013-இல் ஜாமாவுக்கு அனுப்பியது. அது ‘நியூராலஜி’ இதழில் வெளிவந்தது 2016-இல். ஜாமா தன் கட்டுரையைத் திரும்பப் பெற்றதும் அதே ஆண்டில்தான்.

அந்த அறிவிப்பில் ஒரு செய்தி உண்டு. சாட்டோ முறைகேட்டை ஒப்புக்கொண்டார். இணை ஆசிரியர்களின் பெயர்கள் மரியாதைக்காகச் சேர்க்கப்பட்டவை, அவர்களுக்கு முறைகேட்டில் பங்கில்லை என்றும் சொன்னார். குற்றத்திலிருந்து விடுவிக்கும் வாக்குமூலமாக அது வாசிக்கப்பட்டது. எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த விதிப்படி, பெயர் போடுபவர் ஆய்வுக்குக் கணிசமாகப் பங்களித்திருக்க வேண்டும். அதன் நேர்மைக்குப் பொறுப்பேற்க வேண்டும். நோயாளி ஒருவரைக்கூடப் பார்க்காமல் பெயரை மட்டும் இரவல் கொடுத்தவர், வாசகரின் நம்பிக்கையை இரவல் கொடுத்திருக்கிறார். ஐந்து பெயர்களைப் பார்க்கும் மதிப்பீட்டாளர் ஐந்து பேர் தரவைப் பார்த்திருப்பார்கள் என்றுதானே நம்புவார்?

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைத்தது, நோயாளிகள் சம்மதித்தனர் என்ற வழக்கமான வரிகளும் அப்படியே. 1964-இன் ஹெல்சிங்கி பிரகடனத்தின் பெயரைச் சொன்னால் போதும், இதழ்கள் அதற்கு மேல் கேட்பதில்லை. ஒப்புதல் கடிதத்தின் நகல், குழு கூடிய நாள், தரவுக் கோப்பு ஆகியவற்றை முன்கூட்டியே கேட்பது பெரிய செலவு அல்ல. நியூராலஜி கட்டுரை சாட்டோவின் சோதனைகளில் நெறிமுறைக் கண்காணிப்பே தெளிவாக இல்லை என்று சுட்டிக்காட்டியது. அந்த வரிகளை ஏற்று அச்சிட்ட இதழ்களின் கண்ணில் இது ஏன் படவில்லை?

கிரே, போலண்ட், அவனெல் உள்ளிட்டோர் 2020-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை முன்வைத்தனர். குற்றவாளி யார் என்ற விசாரணை முடியும்வரை காத்திராமல், கட்டுரை நம்பத்தக்கதா என்பதை முதலில் தனியாகச் சோதியுங்கள் என்பது அதன் சாரம். இது முக்கியமான பிரிவினை. பல்கலைக்கழக விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம்; அதுவரை ஐயத்துக்குரிய எண்கள் தொகுப்பாய்வுகளுக்குள்ளும் சிகிச்சை வழிகாட்டிகளுக்குள்ளும் புகுந்துகொண்டே இருக்கும். ஆனால் இந்தப் பட்டியலைப் பயன்படுத்த எந்த இதழுக்கும் கட்டாயம் இல்லை என்பதே அதன் பலவீனம்.

தாமதத்தின் விலையை நெதர்லாந்தில் பார்க்கலாம். பி12-உம் ஃபோலிக் அமிலமும் எலும்பு முறிவைத் தடுக்குமா என்று அறிய ‘பி-ப்ரூஃப்’ என்ற சோதனை 2008-இல் ஆள் சேர்க்கத் தொடங்கியது. அதற்கு வேறு நல்ல காரணங்களும் இருந்தன. அவற்றோடு சாட்டோவின் 2005 முடிவும் ஒன்று. 65 வயதும் அதற்கு மேலுமான 2,919 பேர் சேர்ந்து இரண்டாண்டுகள் மாத்திரை விழுங்கினார்கள், இரத்தம் கொடுத்தார்கள். மொத்தத்தில் எலும்பு முறிவு குறையவில்லை என்று 2014-இல் முடிவு வெளியானது. அப்போதும் ஜாமா கட்டுரை திரும்பப் பெறப்படாமலே இருந்தது.