‘கருங்காலி’ என்னும் சொல்லும் நமது வகுப்பறைகளும்

வடசென்னைத் தொழிலாளர் வரலாறு நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் முறையில் பெரியதோர் இடைவெளி உண்டு. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதையும், அதற்காகப் பி. பி. வாடியாவும் திரு. வி. கலியாணசுந்தரனாரும் உழைத்ததையும் பெருமிதத்துடன் கூறுகிறோம். அது தகும். ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து நடந்ததைச் சொல்ல நேரும்போது, ‘கருங்காலிகள் வேலைநிறுத்தத்தைக் கெடுத்தனர்’ என்ற ஒரே வாக்கியத்தோடு முடித்துக்கொள்கிறோம். துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழும் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் ஊழியஞ்செய்யும் போதகரும் ஆசிரியரும் இவ்வாக்கியத்தை ஆராய்ந்து பார்த்தல் கடமையாகும்.

நிகழ்ந்தது யாது? 1920 இறுதியில் தொடங்கிய கதவடைப்பு 1921 ஜனவரியில்தான் முடிவுற்றது. அவ்வாண்டு மே மாதத்தில் கர்நாடிக் ஆலையில் மீண்டும் வேலைநிறுத்தம் மூண்டு, ஜூனில் பக்கிங்காம் ஆலைக்கும் பரவிற்று. சாதி இந்துக்களும் இசுலாமியரும் வெளியே நின்றனர். ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் அவர்தம் குடிசைகள் தீக்கிரையாயின. தாக்குதல்கள் இருபுறமும் நிகழ்ந்தன; காவலரின் துப்பாக்கியும் உயிர்களைக் குடித்தது. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியுற்றது.

இனி அச்சொல்லுக்கு வருவோம். தன் இனத்தையே வெட்டும் கோடாரிக்குக் காம்பாகும் மரம் என்ற பொருளிலேயே ‘கருங்காலி’ வசையாயிற்று என்பர். குலத்தைக் கெடுக்கும் கோடாரிக்காம்பு என்பது நம் வழக்கு. ஆயின் எந்தக் குலத்தை? ஆலைக்குள் ஒரே சங்கத்தின் உறுப்பினராயிருந்தோர், ஆலைக்கு வெளியே ஒரே தெருவில் குடியிருக்கவோ ஒரே கிணற்றில் நீர்மொள்ளவோ இயலாதிருந்த காலம் அது. மரத்தோடு ஒட்டவிடாத கிளையை, மரத்துக்குத் துரோகம் செய்தது என்று எவ்வாறு பழிப்பது? வேலைநிறுத்தத்தின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. பிளவினால் ஆதாயம் பெற்றது நிர்வாகமே என்பதையும் மறைக்கவில்லை. பிளவு 1921இல் பிறந்ததன்று என்பதே நாம் கூறுவது.

ஆகவே ஒரு சாட்சியை மட்டும் கேட்பது போதாது. திரு. வி. க. தம் ‘வாழ்க்கைக் குறிப்புக’ளில் சங்கத்தின் உள்ளிருந்து பேசுகிறார். அதனருகே, சட்டமன்றத்தில் ஆதிதிராவிடருக்காக வாதாடிய எம். சி. ராஜாவின் குரலையும் வைத்தல் வேண்டும். அவரும் பள்ளி ஆசிரியராய் இருந்தவரே. இருவரும் ஏழைகளுக்காகவே பேசினர். எனினும் ஒருவர் கண்டதை மற்றவர் கண்டிலர். இவ்விரண்டையும் ஒருங்கே வாசிக்கும் மாணவன் தீர்ப்பளிக்கக் கற்பதற்கு முன் செவிகொடுக்கக் கற்பான்.

இது நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. 1917இல் அமெரிக்காவின் கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரில், வேலைநிறுத்தக் காலத்தில் ஆலைகளில் அமர்த்தப்பட்ட கறுப்பர்மேல் எழுந்த பகை அவர்களுடைய வீடுகளை எரித்துப் பலரைக் கொன்றது. அங்கும் பல சங்கங்கள் கறுப்பரைச் சேர்க்க மறுத்திருந்தன. இத்தகைய வரலாறு பாடத்தில் இடம்பெறாதிருப்பதைக் கண்ட கார்ட்டர் உட்சன் என்னும் ஆசிரியர், 1926இல் கறுப்பர் வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். ஏடுகளையும் ஆவணங்களையும் திரட்டி ஆசிரியர் கையில் கொடுப்பதே அவர் கண்ட வழி. நாமோ மார்ட்டின் லூதர் கிங்கின் படத்தைச் சுவரில் மாட்டுகிறோம். புளியந்தோப்பைக் குறித்து மௌனம் சாதிக்கிறோம். தொலைவிலுள்ள அநீதியைக் கண்டிப்பது எளிது.

திருமறை இவ்வாறு செய்வதில்லை. செங்கடலைக் கடந்த மக்களே பொன் கன்றுக்குட்டியையும் வார்த்தனர் என்பதை அது மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. திருச்சபையும் தன் ஏட்டைத் திறக்கட்டும். 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை ஒழியவேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் சபையார் பலர் வெளியேறினர். இதைச் சொல்லாமல் சங்கத்தை மட்டும் குறைகூறுவோமாகில் நம் போதனை செல்லாக் காசாகும்.

ஆசிரியர் செய்யத்தக்கவை சில உள. கூலியிலும் கடனிலும் பாடத்தைத் தொடங்குக. கதவடைப்பில் வருவாயிழந்த குடும்பம் மறுபடியும் எத்தனை நாள் தாங்கும் என்று வகுப்பு கணக்கிடட்டும். எந்தப் பிள்ளையையும் அதன் சாதிக்காகப் பேசும்படி எழுப்பி நிறுத்தற்க. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு 2024 ஜூனில் அரசுக்கு அளித்த அறிக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, மாணவரை அகர வரிசையில் அமர்த்துக என்றெல்லாம் பரிந்துரைத்தது. இவை வேண்டற்பாலனவே. எனினும் கையிலுள்ள சாதிக் கயிற்றை ஒரு விதி அவிழ்க்கலாம். வீட்டில் கேட்டு வளர்ந்த கதையை வேறொரு மெய்யான கதையே மாற்றும்.

எரித்தவரின் பேரப்பிள்ளையும் எரிக்கப்பட்டவரின் பேரப்பிள்ளையும் இன்று ஒரே பலகையில் அமர்ந்திருக்கக் கூடும். அவ்விருவருக்கும் முன்னின்று ‘கருங்காலி’ என்ற சொல்லை விளக்கவேண்டியவர் நம் ஆசிரியர். அவரை அதற்கு ஆயத்தப்படுத்துவது, நம் குருமாணவர் கற்கும் இறையியலின் ஒரு பகுதியாதல் வேண்டும்.