'பாபெல் வாத்': உழிஞையோ, வெட்சியோ?

1948 மே முதல் சூலை வரை, எருசலேம் நகரின் யூதப் பகுதிக்கு உணவு செல்லும் பெருவழியை அடைத்துநின்ற இலத்துரூன் காவற்கோட்டையை இசுரேலியப் படை பன்முறை தாக்கியது. யோர்தானின் அரபுப் படை அதனை விட்டிலது; சூனில் மாற்றுவழி அமைத்தே உணவு சென்றது.

கோட்டைக்குக் கிழக்கே அப்பெருவழியிலுள்ள கணவாயைப் பாடுவது ஹைம் கூரியின் எபிரேயப் பாட்டாகிய 'பாபெல் வாத்'. அஃது உழிஞைத் திணையின்பாற் படுவதுபோலத் தோன்றும். யாம் அவ்வாறு கொள்ளோம். அதன்கண் மதிலில்லை, பகைவன் பெயருமில்லை. வண்டிகளின் இரும்புக்கூடும், வழியோரத்து மாண்ட தோழரும், தம் பெயரை மறவற்க என்னும் வேண்டுகோளுமே உள. இது நடுகல்லின் குரல். நடுகல்லைத் தொல்காப்பியர் வெட்சியுள் வைத்தமை ஈண்டு நினையத்தகும். ஆநிரை கவர்தலும் மீட்டலும் போல, உணவுவண்டி நிரையை மறித்தலும் செலுத்தலுமே இப்போரின் உயிர் அன்றோ? வேனிற்பூக்களைக் காட்டி ஆறுதல் கூறும் இறுதிப் பகுதி மட்டும் சற்றே மெலிந்தது.